அம்மாயி விட்டுட்டுப் போன லீக்ஸ்: ஏழு நிக்குது, பூ வைக்கல. விதைக்கு என்ன வழி?

பீலிக்கரை
2023 ஜூன் 18

எல்லாருக்கும் வணக்கம். இலங்கை மலைநாட்டுல, நானுஓயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருக்கேன். என் கேள்வி வெங்காயக் குடும்பத்து மரக்கறியான லீக்ஸோட விதையைப் பத்தினது. கடையில வாங்குன டின் விதை இல்லைங்க. எங்க அம்மாயி 45 வருசம் தானே போட்டு, தானே எடுத்து வச்சுக் காப்பாத்துன விதை.

தாத்தா பங்களாவுல தோட்டக்கார வேலை பாத்தவரு. முன்னால ரோசாவும் டேலியாவும், பின்னால தொரை வீட்டுச் சமையலுக்கு மரக்கறிப் பாத்தி. 1975ல கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தப்போ பழைய தொரை சாமானைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாராம். பாத்தியைக் கவனிக்க ஆள் இல்ல. வெட்டாம விட்ட லீக்ஸ் பூத்து, தலை காஞ்சு நின்னுச்சாம். அதுல ரெண்டு தலையைத் தாத்தா துண்டுல சுத்திக் கொண்டாந்து அம்மாயி கையில குடுத்தாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது.

இது சந்தையில வர்ற லீக்ஸ் மாதிரி இருக்காது. சந்தை லீக்ஸ் நீளமா, மெலிசா இருக்கும். இது குட்டை. வெள்ளைப் பகுதி ஒரு சாண்தான், ஆனா மணிக்கட்டு மொத்தம். எலை அகலமா, நீலம் கலந்த பச்சையா, ரெண்டு பக்கமும் விசிறி விரிச்ச மாதிரி அடுக்கா நிக்கும். நெத்தலிக் கருவாடும் செத்தல் மொளகாயும் போட்டு வதக்குனா அடுத்த காம்பரா வரைக்கும் மணக்கும். காலையில ரொட்டிக்கு எங்களுக்கு அதுதான்.

அம்மாயி 2021 ஐப்பசியில தவறிப்போச்சு. அதுக்கு முந்துன வருசமே கடைசியா விதை எடுத்துச்சு, 2020ல. பொறவு படுக்கையில விழுந்துருச்சு. விதை ஹோர்லிக்ஸ் போத்தல்ல இருந்துச்சு. அடியில அடுப்புக்கரியைத் துணியில முடிஞ்சு போட்டு, அரிசி டின்னுக்குப் பின்னால குளிர்ச்சியான மூலையில வச்சிருந்துச்சு. நான் அப்போ கொழும்புல ஒரு துணிக்கடையில வேலை. 2022ல பெட்ரோல் இல்ல, கேஸ் இல்ல, கடையில ஆளைக் கொறைச்சாங்க, ஊருக்கே வந்துட்டேன். வந்ததும் மொத வேலையா அந்தப் போத்தலைத் தேடி எடுத்தேன்.

அம்மாயி போடுற மாசமே பாத்து, அந்த ஆவணியில 150 விதை எண்ணிப் போட்டேன். பத்து நாளாச்சு, ஒண்ணும் இல்ல. பதினாறாம் நாள் காலையில மண்ணுக்கு மேல ஒரு பச்சை நூலு. ஊசியை மடிச்ச மாதிரி வளைஞ்சு, நுனியில கறுப்பு விதைத்தோல் ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. அங்கேயே குந்தி உக்காந்து அழுதுட்டேன். மொத்தம் பதினொண்ணு வந்துச்சு. நாலை வெட்டுப்புழு ராத்திரியில அடியோட அறுத்துப் போட்டுருச்சு. மிச்சம் ஏழு.

அந்த ஏழையும் வீட்டுல இருக்கிறதுலேயே நல்ல எடத்துல வச்சேன். குசினிச் சுவரோரம். காத்து அடிக்காது, பகல் முழுக்க வெயில், அடுப்புச் சுவரோட சூடும் இருக்கும். மாட்டெரு போட்டேன், மண் அணைச்சேன். நல்லா வந்துருக்கு. ஆனா பத்து மாசமாகியும் பூத்தண்டு வரல. அம்மாயி காலத்துல சித்திரை முடியறதுக்குள்ள தண்டு கெளம்பிடும். இங்க ரெண்டு செடிக்கு அடியில பக்கக்கன்னு வந்துருக்கு, அவ்வளவுதான்.

இன்னொண்ணு சொல்லணும். விதைக்குன்னு விடுற லீக்ஸை அம்மாயி வீட்டுக்கிட்ட வைக்காது. லயத்துக்குக் கீழ, பீலித் தண்ணி ஓடுற கானுக்கு அந்தாண்ட ஒரு பள்ளம் இருக்கு. தை மாசம் அங்க உருளைக்கெழங்கு வச்சா ஒரே ராத்திரியில பனியில கருகிடும். யாரும் ஒண்ணும் போட மாட்டாங்க. கார்த்திகையில நாத்தைப் புடுங்கிக் கூடையில வச்சு அங்க கொண்டுபோய் நடும். சின்னப்புள்ளையில கூடவே போவேன். ஏன் அம்மாயி இவ்வளவு தூரம்னு கேட்டா, "இது பனி குடிக்கணும்டி"ன்னு சொல்லும். வேற எடம் இல்லாததால அப்பிடிச் சொல்லுதுன்னு நெனச்சிருந்தேன். இப்போ அந்தப் பேச்சு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

போத்தல்ல இன்னும் ஒரு தேக்கரண்டி விதை இருக்கு. டவுன்ல ஒரு விதைக்கடையில கேட்டதுக்கு, மூணு வருசத்து விதையைத் தூக்கிப் போட்டுட்டு இந்த டின்னை வாங்கிக்கன்னாங்க. ஏழு செடியை வச்சு இந்த வித்தைக் காப்பாத்த முடியுமா? ஏன் பூக்கல? சுத்தி எல்லாத் துண்டுலயும் லீக்ஸ்தான் போடுறாங்க, அதோட கலந்துடுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்க அம்மாயி கையால வந்தது இது ஒண்ணுதான் மிச்சம்.

கந்தப்பளை மரக்கறி
2023 ஜூன் 18

தங்கச்சி, அந்தத் தேக்கரண்டி விதையைத் தூக்கிப் போட்டுறாதீங்க. மொதல்ல அதைச் சொல்லிடுறேன்.

நாங்க ரெண்டு தலைமொறையா லீக்ஸ், கரட், கோவா போடுறவங்க. எங்களுதெல்லாம் டின் விதை. லார்ஜ் லோங் சமர்னு டின்னு மேல எழுதியிருக்கும். நட்டு மூணு நாலு மாசத்துல புடுங்கி லொறியில ஏத்திடுவோம். பூத்தண்டு வந்தா நடுவுல கட்டையாயிடும், யாரும் வாங்க மாட்டாங்க. அதனால எந்தத் துண்டுலயும் லீக்ஸ் பூக்குற வரைக்கும் நிக்காது. பூவே இல்லாத எடத்துல எதோட கலக்கும்? அந்தக் கவலையை விடுங்க. கைவிட்ட துண்டு ஏதாவது பக்கத்துல இருந்தா மட்டும் போய் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க.

பனி விசயத்துல உங்க அம்மாயி சொன்னது சரி. நான் கண்ணால பாத்துருக்கேன். 2021ல அரசாங்கம் ரசாயன உரத்தை நிப்பாட்டுன நேரம் எங்க லீக்ஸ் விரல் மொத்தம்கூட வரல. புடுங்குற கூலிக்கே கட்டாதுன்னு ஒரு துண்டை அப்பிடியே விட்டுட்டோம். அடுத்த சித்திரையில போய்ப் பாத்தா, கீழ்த்தட்டுல ஆத்தோரம் முக்காவாசிச் செடி தண்டு விட்டு நிக்குது. மேல்தட்டுல தேடிப் பாத்து நாலஞ்சு. ஒரே டின் விதை, ஒரே நாள் நட்டது. கீழ்த்தட்டுலதான் பனி உக்காரும்.

இந்தக் கார்த்திகையில ஏழையும் பள்ளத்துக்கு எடுத்துக்கிட்டுப் போங்க. லீக்ஸ் பெருசானாலும் எடம் மாத்தலாம். முள்ளு மண்வெட்டியால சுத்திக் கெளறி வேர் மண்ணோட தூக்குங்க, எலையைப் பாதியா வெட்டி விடுங்க. அப்பத்தான் வாடாம வேர் புடிக்கும். அந்தப் பள்ளம் முந்தித் தேயிலை இருந்த மண்ணா? அப்பிடின்னா புளிப்பு மண்ணா இருக்கும். தேயிலைக்கு அது புடிக்கும், லீக்ஸுக்குப் புடிக்காது. இப்பவே புளிப்பை எடுக்கிற டொலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திப் போட்டு வைங்க.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
2023 ஜூன் 19

மகள், உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் லீக்ஸ் நடும் இடைவெளி, உர அளவு எல்லாம் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். விதை எடுப்பதைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை.

லீக்ஸ் ஈராண்டுப் பயிர். முதலில் உடம்பு வைக்கும். அதன் பிறகு பல வாரம் குளிர் பட்டால்தான் உள்ளே பூமொட்டு உருவாகும். ஏறத்தாழ 10 பாகை செல்சியசும் அதற்குக் கீழும் வேண்டும். அந்தக் குளிர் வரும்போது செடி பென்சில் மொத்தத்தையாவது தாண்டியிருக்க வேண்டும், மிக இளம் நாற்றுக்குக் குளிர் பட்டாலும் பயனில்லை. உங்கள் அம்மாயி ஆவணியில் விதைத்துக் கார்த்திகையில் நட்ட கணக்கைப் பாருங்கள். தையில் பனி இறங்கும்போது செடி சரியான பருவத்தில் நின்றிருக்கிறது.

நுவரெலியா 6,100 அடிக்கு மேல். அங்கேயே ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டித்தான் வரும். எனவே மலைநாடு என்பதால் மட்டும் குளிர் போதாது, இடமும் பார்க்க வேண்டும். குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியே வழிந்து பள்ளத்தில் தேங்கும். உருளைக்கிழங்கு கருகுவதும் லீக்ஸ் பூப்பதும் அதே காற்றினால்தான். குசினிச் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுவதால், உங்கள் ஏழு செடியும் குளிரே படாமல் வளர்ந்துவிட்டன. ஐரோப்பாவில் கோடையில் பகல் நீண்டு பூத்தண்டை விரைவுபடுத்தும். இங்கே வருடம் முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால் அந்த உதவி கிடைக்காது. குளிரில் குறை வைக்கக் கூடாது.

பழைய விதையை இனி ஒரு மாதமும் வைத்திருக்க வேண்டாம். வெங்காயக் குடும்பத்து விதைக்கு ஆயுள் குறைவு. இரண்டு வருடம் தாண்டினால் முளைப்பு வேகமாக விழும். ஈரத் துணியில் பரப்பி, மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து, தினமும் திறந்து பாருங்கள். வெள்ளை வேர் நுனி தெரிந்ததை மட்டும் எடுத்து அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். நாற்று மேடை மண்ணின் மேல் மானாப்புல்லும் உமியும் போட்டு முன்கூட்டியே எரித்துவிட்டால் அழுகல் குறையும். வெட்டுப்புழுவுக்கு ஒவ்வொரு நாற்றைச் சுற்றியும் கடதாசிக் குழாய் வைத்து, பாதி மண்ணுக்குள் இருக்கும்படி அழுத்துங்கள்.

ஏழு போதுமா என்று கேட்டீர்கள். லீக்ஸ் பூவில் மகரந்தம் முதலில் கொட்டும், அதே பூவின் சூல்முடி பிறகுதான் தயாராகும். ஒரு செடி இன்னொன்றோடு சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தன்னோடு தானே சேர்ந்த விதையில் நலிந்த செடிகள் வரும். இருபதுக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஏழுதான் என்றால் ஏழும் பூக்க வேண்டும், அழகான இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கறிக்கு வெட்டிவிடக் கூடாது. ஒன்று ஆறுதல். நம் உடம்பில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் இரண்டு பிரதி, லீக்ஸில் நான்கு. அதனால் ஒரு செடிக்குள்ளேயே ஓரளவு வேறுபாடு அடங்கியிருக்கும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், உள்ளி எதனோடும் இது கலக்காது.

குட்டைத் தண்டு, அகல இலை, விசிறி அடுக்கு என்று நீங்கள் சொன்னதும் எனக்கு மசல்பரோ லீக்ஸ் நினைவு வந்தது. ஸ்கொட்லாந்தில் ஓர் ஊரின் பெயரால் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் வகை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை வைத்த ஜேம்ஸ் டெய்லர் தொடக்கம் மலைநாட்டுத் தொரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் நிறையப் பேர். பங்களாப் பாத்திக்கு அப்படி ஏதோ ஒரு விதை வந்திருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு 45 வருடம் தெரிவு செய்தது உங்கள் அம்மாயி. போத்தலில் எழுதி ஒட்டும்போது அவர் பெயரை எழுதுங்கள்.

பண்டாரவளை வீட்டுத்தோட்டம்
2023 ஜூன் 19

தங்கச்சி, நான் இருக்கிறது 4,000 அடியில. இங்க ரெண்டு வருசம் பாத்தேன், லீக்ஸ் ஒண்ணுகூடப் பூக்கல. ஆனா வித்து அழியாம வச்சிருக்கேன், அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அடியில பக்கக்கன்னு வருதுன்னு சாதாரணமா எழுதியிருக்கீங்க. அதுதான் உங்க கைமுதல். லீக்ஸை வெட்டாம விட்டா தாய்ச்செடியை ஒட்டிக் குட்டி வரும். சில நேரம் வெள்ளைப் பூண்டுப் பல்லு மாதிரி, முத்து மாதிரி மண்ணுக்குள்ள உருண்டு கெடக்கும். கன்னு பென்சில் மொத்தம் வந்ததும் மண்ணை வெலக்கி, வேரோட பிரிச்சு எடுத்து, எலையை நாலு விரலுக்கு வெட்டிட்டுத் தனியா நடுங்க. அப்பிடியே தாய்க்கு மறுபிரதி. நான் மூணு வருசமா விதையே இல்லாம இப்பிடித்தான் ஓட்டுறேன். பூ வர்ற வரைக்கும் உங்க ஏழும் எங்கேயும் போயிடாது.

ஒரேயொரு எச்சரிக்கை. சந்தையில வாங்குற லீக்ஸ், வெங்காயத்தோட வேரை, தோலை அந்தப் பள்ளத்துல கொட்டிடாதீங்க, எருக்குழியிலயும் போடாதீங்க. வெள்ளை அழுகல் வந்துட்டா குளிர் மண்ணுல அது இருபது வருசம்கூடக் கெடக்கும். எங்க பக்கத்து வீட்டுக்காரங்க அந்த எடத்துல வெங்காயக் குடும்பத்தையே கைவிட்டுட்டாங்க.

பொகவந்தலாவைப் பையன்
2023 ஜூன் 21

அக்கா, நான் பொகவந்தலாவை. இப்போ வட இங்கிலாந்துல, டர்ஹம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துல வேலை. இங்க ஊர்ச் சபை வாடகைக்குக் குடுக்குற துண்டுல நானும் ஒரு பாத்தி வச்சிருக்கேன். இந்தப் பக்கம் எல்லாம் பழைய நெலக்கரிக் கிராமம். வீடுங்க நம்ம லயம் மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா நிக்கும். சுரங்கத்துல வேலை செஞ்சவங்க வீட்டுக்கு வீடு லீக்ஸ் வளத்து, புரட்டாசி வாக்குல போட்டி வைப்பாங்க. சுரங்கம் மூடிப் பல வருசமாச்சு, போட்டி இன்னும் நடக்குது. பொட் லீக்ஸ்னு பேரு. வெள்ளைத் தண்டு 6 அங்குலத்துக்கு மேல போகக் கூடாது, ஆனா தொடை மாதிரி மொத்தமா இருக்கும். உங்க அம்மாயி லீக்ஸ் குட்டை, மொத்தம்னு படிச்சதும் அதுதான் கண்ணுக்கு வந்துச்சு.

பக்கத்துப் பாத்தித் தாத்தா சுரங்கத்துல இருந்தவரு. அவரு விதை போடவே மாட்டாரு. விதை போட்டா புள்ளைங்க ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி வரும், போட்டிக்கு ஆகாதுன்னு சொல்வாரு. பூத்தலை வந்து, மேல மூடியிருக்கிற மெலிசு உறை வெடிச்சு, பூ விரிய ஆரம்பிச்சதும் கத்தரிக்கோலால பூவை எல்லாம் ஒட்ட மொட்டையடிச்சிடுவாரு. பந்து மட்டும் மொட்டைக் காம்போட நிக்கும். சில வாரம் போனா அந்தக் காம்புங்களுக்கு நடுவுல பச்சை பச்சையாப் புல்லு மாதிரி மொளைக்கும். ஒவ்வொண்ணும் ஒரு குட்டி லீக்ஸ். குளிர் தொடங்குற நேரம் தலையை வெட்டி, குட்டிகளை ஒவ்வொண்ணா விரலால புடுங்கி மணல் கலந்த மண்ணுல ஊனுவாரு. புல்லுன்னே அதுக்குப் பேரு. ஒரு தலையில பத்துக் கணக்குல வரும்.

உங்களுக்குத் தண்டு வந்தா ஒண்ணு ரெண்டு தலையில இதையும் செஞ்சு பாருங்க.

ஓய்வுபெற்ற போதனாசிரியர்
2023 ஜூன் 21

தம்பி சொன்னதை நானும் படித்திருக்கிறேன், செய்து பார்த்தவர் வாயால் இப்போதுதான் கேட்கிறேன். மகள், ஒன்று கவனியுங்கள். தாய்ச்செடியின் தலையை மொட்டையடித்தால் அதன் மகரந்தம் மற்றதற்குப் போகாது. பக்கக்கன்றைப் பிரித்து நட்டு, அதில் தலை வந்தால் அதை மொட்டையடியுங்கள். தாயும் கன்றும் ஒன்றே. தாய் விதைக்கு நிற்கட்டும்.

பீலிக்கரை
2023 ஜூன் 22

எல்லார் சொன்னதையும் கொப்பியில எழுதி வச்சிருக்கேன். பள்ளத்துக்கு நேத்துப் போனேன். ஆளுயரத்துக்கு மானா வளந்து கெடக்கு. அண்ணே, பழைய தேயிலை மண்ணுதான், ஒரு மூலையில தூர் இன்னும் இருக்கு. டொலமைட் வாங்கிட்டேன். விதை எல்லாத்தையும் எண்ணுனேன், 812. இன்னைக்கு ராத்திரி துணியில போடுறேன்.

பீலிக்கரை
2024 ஜனவரி 30

ரொம்ப நாளாச்சு. நடந்ததைச் சொல்றேன்.

812 விதையில 23 மொளைச்சுச்சு. கடைசியா வந்தது இருபத்தாறாம் நாளு. மத்ததெல்லாம் துணியிலேயே வழுவழுன்னு ஆயிடுச்சு. அதை வெளியில கொட்ட மனசு வரல, ரோசாச்செடி அடியில பொதைச்சேன். நாத்துல பதினாலு தப்பிச்சுச்சு. ஐயா சொன்ன கடதாசிக் குழாய் வச்ச பொறவு புழு ஒண்ணைக்கூடத் தொடல. பழைய ஏழு, புது பதினாலு, பிரிச்ச பக்கக்கன்னு மூணு. எல்லாத்தையும் கார்த்திகை மொத வாரம் பள்ளத்துல நட்டுட்டேன்.

போன வாரம் ராத்திரி வானம் தொடைச்ச மாதிரி இருந்துச்சு. எனக்குத் தூக்கம் வரல. விடியக்காலை அஞ்சரைக்கு டோர்ச் எடுத்துக்கிட்டு எறங்குனேன். கானைத் தாண்டுனதும் காலுக்கடியில புல்லு நொறுங்குற சத்தம். பீலிப் பக்கம் இருந்ததைவிட அங்க குளிர் தனியாத் தெரிஞ்சுச்சு, தண்ணித் தொட்டிக்குள்ள எறங்குன மாதிரி. லீக்ஸ் எலையெல்லாம் வெள்ளையாப் பனி பூத்து, கண்ணாடி மாதிரி வெறச்சு நின்னுச்சு. தொட்டா ஒடஞ்சிடும்னு தொடல. எட்டு மணிக்கு மேட்டைத் தாண்டி வெயில் வந்ததும் எலை எல்லாம் சொட்டச் சொட்டத் தொங்கிப் போச்சு. செத்துப்போச்சுன்னே நெனச்சேன். மத்தியானம் போய்ப் பாத்தா அத்தனையும் நிமிந்து நிக்குது. பக்கத்துல யாரோ பீலியோரம் வச்சிருந்த போஞ்சி கறுத்துப் போச்சு.

அம்மாயி கூடையோட அங்க குந்தியிருக்கிற மாதிரியே இருந்துச்சு எனக்கு.

கந்தப்பளை மரக்கறி
2024 ஜனவரி 30

கறுத்தது போஞ்சி, நிமிந்தது லீக்ஸ். இனி உரம் எதுவும் கூட்டாதீங்க தங்கச்சி, அப்பிடியே விடுங்க. சித்திரையில நடுக்குருத்தைத் தடவிப் பாருங்க. எலை தட்டையா இருக்கும், தண்டு வந்தா உருண்டையா, கெட்டியாக் கையில தட்டும்.

பீலிக்கரை
2024 செப்டம்பர் 15

அண்ணே, சித்திரை ரெண்டாவது வாரம் தட்டுச்சு.

பழைய ஏழுல ஆறு தண்டு விட்டுச்சு. புதுசுல ஒம்பது. கன்னு மூணுல ரெண்டு. தண்டு என் நெஞ்சு உசரம் வந்து, உச்சியில கொக்கு மூக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருந்த உறை ஆனியில வெடிச்சுச்சு. உள்ள இருந்து பந்து, மொதல்ல பச்சை, பொறவு சாம்பல் கலந்த ஊதா. ஒரு தலையில எத்தனை பூன்னு எண்ண ஆரம்பிச்சு 400 தாண்டுனதும் விட்டுட்டேன்.

ஆனா அந்த நேரம்தான் மழை. தேனீ வரவே இல்ல. அம்மாயி மழைக்கு என்ன செஞ்சுச்சுன்னு அம்மாகிட்ட கேட்டேன். நாலு கம்பு ஊனி மேல படங்கைக் கட்டும்னாங்க. அம்மாயி கொழுந்து எடுக்கப் போறப்போ இடுப்புல கட்டுன படங்கு இன்னும் பொட்டியில மடிச்சு இருந்துச்சு. அதையே எடுத்துக் கட்டுனேன். போதாம உரப்பை ரெண்டையும் பிரிச்சுக் கட்டுனேன். மழை விட்ட நேரம் பாத்து, பழைய வேட்டித் துணியை வெரல்ல சுத்திக்கிட்டு ஒரு தலையில தடவி அடுத்த தலையில தடவி, பதினஞ்சு தலைக்கும் போய்த் திரும்பி வருவேன். மூணு வாரம் தினமும். கையெல்லாம் மஞ்சள் தூளும் லீக்ஸ் வாசமும்.

ரெண்டு தலை பூஞ்சணம் புடிச்சுப் போச்சு, அது ரெண்டும் படங்கு எட்டாத ஓரத்துல நின்னது. மிச்சம் பதிமூணையும் மேல கறுப்பு விதை எட்டிப் பாக்க ஆரம்பிச்சதும் ஒரு முழம் தண்டோட வெட்டி, கடதாசிப் பையில தலைகீழாக் கட்டிக் குசினியில தொங்க விட்டேன். காஞ்ச பொறவு கையால கசக்கி, பொடைச்சு, தண்ணியில போட்டு மெதக்குறதை எடுத்துட்டு, அடியில தங்குனதை உடனே துணியில பரப்பி நெழல்ல காய வச்சேன். கடைத் தராசுல நிறுத்தேன், 31 கிராம். ஐம்பது விதை ஈரத் துணியில போட்டுப் பாத்தேன், பன்னெண்டு நாள்ல 41 மொளைச்சுருச்சு.

பொகவந்தலாவைத் தம்பி, கன்னுல வந்த ரெண்டு தலையையும் நீங்க சொன்ன மாதிரி மொட்டையடிச்சேன். ஒண்ணு அழுகிப் போச்சு. இன்னொண்ணுல ஆடி கடைசியில பச்சை முள்ளு முள்ளா எட்டிப் பாத்துச்சு. இன்னைக்கு எண்ணுனேன், 27 குட்டி. இன்னும் கொஞ்சம் பெருசானதும் புடுங்குறேன்.

விதையை நாலாப் பிரிச்சிருக்கேன். ஒண்ணு இந்த வாரம் நாத்து மேடையில போடுறேன். ஒண்ணு கரித்துணியோட அதே ஹோர்லிக்ஸ் போத்தல்ல, அதே மூலையில. போத்தல் மேல அம்மாயி பேரை எழுதி ஒட்டியிருக்கேன் ஐயா. உங்களுக்கும் பண்டாரவளை அக்காவுக்கும் தபால்ல அனுப்ப ஒண்ணு. அக்கா, அங்க பூக்காதுன்னு தெரியும். கன்னு பிரிச்சு வச்சிருங்க, இங்க ஏதாவது ஆச்சுன்னா அங்க இருக்கும்.

நாலாவது உங்களுக்கு, கந்தப்பளை அண்ணே. நீல மூடிப் போத்தல்ல இருக்கு. ஒங்க கீழ்த்தட்டுல ஆத்தோரம் ஒரு பாத்தி மட்டும் இதுக்கு விடுங்க. கார்த்திகையில இங்க நடவு, ஞாயித்துக்கெழமையாப் பாத்து அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க. ரொட்டிக்கு லீக்ஸ் பழைய செடியில ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், அந்தப் பூக்காத ஏழாவது.